நிமிடங்களை மீட்ட வரலாறு



பக்கவாதத்தை நம்மவர்கள் பாரிசவாயு என்றும் சொல்வார்கள். வாய் கோணும், ஒரு பக்கத்துக் கையும் காலும் விழுந்துபோகும், நாக்குக் குழறும். பெரும்பாலும் மூளைக்குச் செல்லும் குழாயில் இரத்தக்கட்டி அடைத்துக்கொள்வதே காரணம். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்திற்கு ஏறக்குறைய 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006-இல் அமெரிக்க மருத்துவர் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டுக் காட்டினார்.

கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் மருந்தை 3 மணி நேரத்திற்குள் செலுத்தினால் பயனுண்டு என்பதை 1995-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று நிலைநாட்டியது. ஆயினும் வந்தவுடன் ஊசி போட்டுவிட முடியாது. குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்து இரத்தம் கசிகிறதா என்று முதலில் தலையைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும். கசிவுள்ளவருக்கு அம்மருந்து எமனாகிவிடும்.

நோயாளி வாசலைத் தாண்டியபின் ஊசி ஏறும்வரை எவ்வளவு நேரம் போயிற்று? பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1998-இல் அது நடுத்தரமாக 105 நிமிடம். பதிவு, படுக்கை மாற்றம், இரத்தச் சோதனை, படம் என்று ஒன்று முடிந்தபின் ஒன்றாக வேலை நடந்தது.

அங்கிருந்தோர் புது மருந்து தேடவில்லை. வேலையின் வரிசையை மாற்றினார்கள். ஆம்புலன்ஸ் ஊழியர் வழியிலிருந்தே செய்தி சொன்னார். நோயாளி வந்து சேருமுன் அவருடைய பழைய ஏடுகள் பார்க்கப்பட்டன. உறவினரிடம் தொலைபேசியில் விவரம் கேட்கப்பட்டது. (மணியடித்த பிறகு சுண்ணக்கட்டி தேடினால் பாடவேளையில் பாதி போய்விடும் என்பது ஆசிரியர்களாகிய நமக்குத் தெரியாததா?) ஸ்கேன் கருவி அவசரப் பிரிவுக்கே கொண்டுவரப்பட்டது. வண்டியில் வந்தவர் நேரே கருவி மேசைக்குப் போனார். படம் தெளிவானதும் அங்கேயே ஊசி ஏறியது. 2003-இல் 60 நிமிடம். 2011-இல் 20 நிமிடம்!

இம்முறையை 2012-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் கையாண்டபோது, வேலை நேரத்தில் 43 நிமிடம் நான்கே மாதத்தில் 25 ஆகக் குறைந்தது. இரவிலும் வார இறுதியிலும் அவ்வளவு மாற்றமில்லை. முறை ஒன்றுதான், அதை நடத்தும் ஆட்கள் அந்நேரங்களில் போதவில்லை.

பெரிய அடைப்பாயின் தொடைக் குழாய் வழியே மெல்லிய கம்பியைச் செலுத்திக் கட்டியை வெளியே இழுப்பது நல்ல பலன் தரும் என்று 2015-இல் பல ஆய்வுகள் ஒருசேரக் காட்டின. அப்போது வேறொரு கேள்வி எழுந்தது. நோயாளியை முழு மயக்கத்தில் ஆழ்த்துவதா, இலேசாக உறங்கவைப்பதா? முழு மயக்கத்திற்கு மூச்சுக்குழலில் குழாய் இட வேண்டும், நேரம் போகும், இரத்த அழுத்தமும் இறங்கலாம். அரைத்தூக்கத்திலோ நோயாளி அசைந்துவிடுவார். நிமிடத்தையே எண்ணிப் பழகியவர்கள் அரைத்தூக்கமே மேல் என்று நினைத்ததில் வியப்பில்லை.

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் மருத்துவர்கள் இதை 150 நோயாளிகளிடம் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். முழு மயக்கத்தினருக்குச் சிகிச்சை தொடங்கச் சுமார் 10 நிமிடம் கூடுதலாயிற்று. ஆயினும் 24 மணி நேரம் கழித்துப் பார்த்தபோது இரு சாராரின் முன்னேற்றத்திலும் வேறுபாடு காணப்படவில்லை. அங்கே இரு சாராருக்கும் இரத்த அழுத்தம் இறங்காதபடி கண்ணுங்கருத்துமாகக் கவனித்துக்கொண்டார்கள் என்பதை நாம் சேர்த்தே படிக்க வேண்டும்.