சிறைக்குள் முதல் வகுப்பு: புகழும் தண்டனையும்

புகழ்பெற்ற ஒருவர் குற்றவாளிக் கூண்டில் ஏறும்போதெல்லாம், அவருக்கும் சாதாரண மனிதருக்கும் ஒரே தண்டனைதானா என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை தேடுவோர் பெரும்பாலும் தீர்ப்பின் கடைசி வரியை, அதாவது எத்தனை ஆண்டுச் சிறை என்பதை மட்டுமே ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். ஆனால் தண்டனை அந்த எண்ணிக்கையோடு முடிவதில்லை. எங்கே படுப்பது, எதை உண்பது, எந்த உடையை அணிவது, என்ன வேலை செய்வது, உறவினரை எத்தனை முறை காண்பது என்பனவெல்லாம் தீர்ப்புக்குப் பின்னர் சிறைக்குள்ளே முடிவாகின்றன. நீதிமன்றம் சமமாக அளந்து கொடுத்த தண்டனையைச் சிறை நிர்வாகம் ஏற்றத்தாழ்வாகப் பங்கிட்டது என்பதும், அதையும் மறைவாகச் செய்யாமல் எழுதி வைத்த விதியின்படியே செய்தது என்பதும் இந்தியச் சிறை வரலாறு தரும் செய்தி. 'ஏ வகுப்பு' என்று அரசு ஆவணங்களும் 'முதல் வகுப்பு' என்று பொதுமக்களும் குறிப்பிட்டுவரும் அந்த ஏற்பாடு எவ்வாறு பிறந்தது, யாருக்காகப் பிறந்து யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதை அறியாமல், பிரபலங்களுக்கான தண்டனை நியாயமானதா என்ற கேள்விக்கு விடை காண இயலாது.

ஆளுக்கேற்ற தண்டனை என்ற எண்ணம் பழமையானது. மனுதர்ம நூல் பல குற்றங்களுக்கு வருணத்தை ஒட்டியே தண்டனையை வகுத்ததோடு, பிராமணருக்கு மரண தண்டனையிலிருந்தும் விலக்களித்தது. அதே நூல், திருட்டுக் குற்றத்தில் அறிவும் தகுதியும் ஏற ஏறக் குற்றத்தின் சுமையும் ஏறும் என்று கூறி, சாதாரண மனிதன் ஒரு காசு செலுத்த வேண்டிய இடத்தில் அரசன் ஆயிரம் செலுத்த வேண்டும் என்றும் விதித்தது. உயர்ந்தவருக்குக் கூடுதல் பொறுப்பு என்ற இந்த இரண்டாவது எண்ணம் பிற்காலத்தில் எடுபடவே இல்லை. 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் குற்றத்துக்கும் தண்டனைக்கும் ஒரே வாசகத்தை அனைவருக்கும் பொதுவாக்கியது. எனினும் ஐரோப்பியக் குடிமக்களை விசாரிக்கும் முறையில் தனிச் சலுகைகள் நீடித்தன. அவற்றைக் குறைக்க 1883-இல் கொண்டுவரப்பட்ட இல்பர்ட் மசோதா, இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரின் கடும் எதிர்ப்பால் நீர்த்துப்போனது. சிறைகளிலும் ஐரோப்பியக் கைதிகளுக்குத் தனி அறையும், ரொட்டியும் இறைச்சியும் கொண்ட தனி உணவும் இருந்தன. சிறைக்குள் வகுப்பு வேறுபாடு முதலில் நிறத்தின் பெயரால்தான் நுழைந்தது.

இந்தியருள் பெரும் புகழ் கொண்டவர் சிறை சென்றபோது என்ன நடந்தது என்பதற்கு 1908 ஜூலை மாதத்தின் இரு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஜூலை 7 அன்று திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே, வழக்கறிஞரும் சுதேசிக் கப்பல் நிறுவனத்தை உருவாக்கியவருமான வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு இரண்டு ஆயுள் தண்டனைகளை விதித்தார். ஜூலை 22 அன்று பம்பாயில் பாலகங்காதர திலகருக்கு ஆறாண்டு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. இருவர் மீதும் சாட்டப்பட்ட முதன்மைக் குற்றம் ஒன்றே: அரசுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டும் இராஜத்துரோகம். திலகரின் தண்டனை பின்னர் வேலையில்லாத வெறுங்காவலாக மாற்றப்பட்டது. மாண்டலே சிறையில் அவருக்குச் சமைத்துக்கொடுக்க ஒரு கைதி அமர்த்தப்பட்டார், நூல்கள் வந்து சேர்ந்தன, கீதைக்கு அவர் எழுதிய பேருரை அங்கேயே உருவாயிற்று. கோயம்புத்தூர்ச் சிறையிலோ வ.உ.சி. தலை மழிக்கப்பட்டு, கைதி உடை அணிவிக்கப்பட்டு, உள்ளங்கைத் தோல் உரியும்வரை சணல் இயந்திரத்தைச் சுற்றவைக்கப்பட்டார். அதன்பின் மாடு இழுக்கும் செக்கை இழுக்க நிறுத்தப்பட்டார். மேல்முறையீட்டில் தண்டனைக் காலம் வெகுவாகக் குறைக்கப்பட்டு 1912 டிசம்பரில் அவர் விடுதலையானபோது உடலும் தொழிலும் செல்வமும் சிதைந்திருந்தன. ஒரே குற்றச்சாட்டில் சிறைப்பட்ட இருவரில் ஒருவர் கையில் எழுதுகோலும் மற்றவர் தோளில் செக்குத்தடியும் இருந்ததற்குச் சட்டத்தில் எந்தக் காரணமும் இல்லை. ஆட்சியாளரின் விருப்பம் ஒன்றே காரணம்.

இந்த விருப்பத்துக்கு விதியின் வடிவம் கொடுக்கும் முயற்சி ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் தொடங்கிற்று. படித்த நடுத்தர வகுப்பினர் ஆயிரக்கணக்கில் சிறை புகுந்ததால் சில மாகாணங்கள் அவர்களுக்கெனத் தனிப்பிரிவை ஏற்படுத்தின. ஆயினும் தீர்மானமான மாற்றம் 1929-இல் லாகூரிலிருந்து வந்தது. மத்திய சட்டசபையில் குண்டு வீசிய வழக்கில் தண்டனை பெற்ற பகத்சிங்கும் படுகேஷ்வர் தத்தும் தங்களையும் தோழர்களையும் அரசியல் கைதிகளாக நடத்த வேண்டும் என்று கோரி அவ்வாண்டு ஜூனில் உண்ணாநோன்பைத் தொடங்கினர். உண்ணத்தக்க உணவு, நூல்கள், நாளிதழ்கள், இழிவான கட்டாய வேலையிலிருந்து விலக்கு ஆகியவை அவர்களின் கோரிக்கைகள். நோன்பில் கலந்துகொண்ட ஜதீந்திரநாத் தாஸ் 63-ஆம் நாளில், செப்டம்பர் 13 அன்று உயிர் துறந்தார். அவருடைய உடல் லாகூரிலிருந்து கல்கத்தாவுக்குத் தொடர்வண்டியில் சென்றபோது நிலையங்கள்தோறும் மக்கள் திரண்டனர்.

அந்த மரணத்துக்கு அரசு அளித்த விடைதான் இன்றுவரை தொடரும் சிக்கலின் மூலம். 1930-இன் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட புதிய விதி, கைதிகளை ஏ, பி, சி என மூன்று வகுப்புகளாகப் பிரித்தது. அரசியல் கைதி என்ற வகையை ஏற்றுக்கொண்டால் அரசை எதிர்ப்பதற்கு ஒரு மரியாதை வந்துவிடும் என்று அஞ்சிய ஆட்சியாளர்கள், குற்றத்தின் நோக்கத்தை அளவுகோலாகக் கொள்ளாமல், கைதியின் சமூக நிலை, கல்வி, பழகிய வாழ்க்கைத் தரம் ஆகியவற்றை அளவுகோலாக்கினர். நன்னடத்தையும் உயர்ந்த வாழ்க்கைப் பழக்கமும் உடையவராய், கொடூரம், பேராசை, ஒழுக்கக்கேடு முதலியன கலவாத குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர் ஏ வகுப்பு. வாழ்க்கைத் தரத்தால் உயர்ந்திருந்தும் பிற தகுதிகளில் குறைந்தவர் பி வகுப்பு. எஞ்சியோர் அனைவரும் சி வகுப்பு. மேல் வகுப்பினருக்குக் கட்டில், மேசை, நாற்காலி, விளக்கு, சொந்த உடை, தரமான உணவு, நூல்கள், அடிக்கடி கடிதமும் சந்திப்பும் கிடைத்தன. ஆக, நாட்டுக்காகச் சிறை சென்ற ஏழைத் தொண்டரையும் உள்ளடக்கிய ஒரு கோரிக்கைக்காக ஓர் இளைஞர் பட்டினி கிடந்து இறக்க, அதன் பயனை வசதி படைத்தவருக்கு எழுதிக்கொடுத்தது அரசு.

விதியின் தன்மை அவ்வாண்டே வெளிப்பட்டது. உப்புச் சத்தியாகிரகத்தில் ஒரே கடற்கரையில் ஒரே சட்டத்தை மீறியவர்கள், வழக்கறிஞரும் நிலவுடைமையாளருமாயின் மேல் வகுப்புக்கும், உழவரும் நெசவாளருமாயின் சி வகுப்புக்கும் அனுப்பப்பட்டனர். ஒரே இயக்கத்தின் தலைவரும் தொண்டரும் ஒரே மதிலுக்குள் வேறு வேறு சோறு உண்ணும் நிலை ஏற்பட்டது. இதை ஏற்க மனமின்றி உயர் வகுப்பை மறுத்துச் சி வகுப்பிலேயே காலத்தைக் கழித்தவர்களும் உண்டு. அவர்கள் தொகை சிறிது என்பதால் அவர்களின் செயல் சிறிதாகிவிடாது.

இவ்விதி நிலைபெற்ற காலத்தில்தான் தமிழகத்தின் மிகப்பெரிய திரைப் புகழ் சட்டத்தின் முன் வந்து நின்றது. 'சினிமா தூது', 'இந்துநேசன்' ஆகிய இதழ்களில் திரைத்துறையினரின் அந்தரங்கங்களை எழுதிவந்த இலட்சுமிகாந்தன், 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கைரிக்ஷாவில் சென்றபோது கத்தியால் குத்தப்பட்டு, பொது மருத்துவமனையில் இறந்தார். அக்கொலை வழக்கில் நடிகர்கள் எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கோவைத் திரைப்பட முதலாளி எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடுவும் வேறு சிலரும் குற்றஞ்சாட்டப்பட்டனர். பாகவதரின் 'ஹரிதாஸ்' படம் அவ்வாண்டுத் தீபாவளிக்கு வெளியாகி, பிராட்வே திரையரங்கில் அவர் சிறையில் இருந்த காலத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில், ஒன்பது பேர் கொண்ட ஜூரி, அதாவது குற்றம் நிகழ்ந்ததா என்பதைத் தீர்மானிக்கும் பொதுமக்கள் குழு, வழக்கைக் கேட்டது. குற்றத்தில் பங்குண்டு என்று ஒப்புக்கொண்டு அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய ஒருவரின், அதாவது அப்ரூவரின், வாக்குமூலம் வழக்கின் முதுகெலும்பாக இருந்தது. நாயுடு விடுவிக்கப்பட்டார், பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் 1945 மே 3 அன்று ஆயுட்கால நாடுகடத்தல் தண்டனை கிடைத்தது.

புகழ் இங்கே தீர்ப்பை இளக்கவில்லை என்பது வெளிப்படை. உயர் நீதிமன்ற மேல்முறையீடும் தோற்றது. எஞ்சியிருந்த ஒரே வழி இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். அது பேரரசின் இறுதி மேல்முறையீட்டு மன்றம். அங்கே வழக்காடக் கடல் கடந்த வழக்கறிஞர்களும் பெரும்பணமும் வேண்டும். கிருஷ்ணனின் துணைவியார் டி.ஏ.மதுரம் நாடகக் குழுவை நடத்தியும் 'பைத்தியக்காரன்' படத்தைத் தொடங்கியும் வழக்குச் செலவுக்குப் பாடுபட்டார். பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்ப, மறுபடியும் சாட்சியங்களை ஆராய்ந்த உயர் நீதிமன்றம் 1947 ஏப்ரலில் இருவரையும் விடுதலை செய்தது. அதற்குள் அவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்திருந்தனர். பாகவதருக்கு முன்பணம் கொடுத்திருந்த படங்கள் கைவிட்டுப்போயின, பழைய இடம் அவருக்குத் திரும்பவே இல்லை. நம்பத்தகாத சாட்சியத்தால் குற்றமற்றோர் தண்டனை பெறுவது நடக்கக்கூடியது என்பதை இவ்வழக்கு நிறுவியது. அத்தவறைத் திருத்திக்கொள்ள இலண்டன்வரை செல்லும் வலிமை, கைரிக்ஷா இழுக்கும் ஒருவருக்கு அன்று இருந்திருக்க முடியாது என்பதையும் அதுவே நிறுவுகிறது. 1967 ஜனவரியில் எம்.ஜி.இராமச்சந்திரனைச் சுட்ட வழக்கில் நடிகர் எம்.ஆர்.ராதா சிறைத்தண்டனை பெற்றபோதும் தீர்ப்பு நடிகரென்று பார்த்துத் தயங்கவில்லை. பிரபலங்களுக்கு நீதிமன்றம் எப்போதும் இரக்கம் காட்டுகிறது என்ற பொதுக்கருத்தை இவ்விரு வழக்குகளும் ஆதரிப்பதில்லை. ஏற்றத்தாழ்வைத் தேட வேண்டிய இடம் வேறு.

சுதந்திர இந்தியா அந்த வேறிடத்தைத் தொடவே இல்லை. 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 14-ஆம் பிரிவு சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று அறிவித்தது. பதினாறே நாள் கழித்து, பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்டுக் கைதிகள் மீது காவலர்கள் சுட்டதில் 22 பேர் இறந்தனர். சாதாரணக் குற்றவாளிகளைப் போலத் தங்களை நடத்தக்கூடாது என்பதே அவர்களின் போராட்டம்; அவர்களுள் பலர் அப்போது சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்த மலபாரின் உழவர்கள். விடுதலைப் போராட்டத்தில் சிறைக் கொடுமையை அனுபவித்தவர்களே ஆட்சியில் இருந்த காலத்தில் இது நிகழ்ந்தது என்பது மன்னிக்கத்தக்கதன்று. வகுப்பு முறையோ தொடர்ந்தது. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறை விதிகளும் கைதிகளை ஏ, பி என இரு வகுப்பாக்கி, சமூக நிலையாலும் கல்வியாலும் வாழ்க்கைப் பழக்கத்தாலும் உயர்ந்த வாழ்வுக்குப் பழகியவரை ஏ வகுப்புக்கு உரியவராக வைத்தன. அரசியல்வாதியோ நடிகரோ தொழிலதிபரோ கைதானதும் அவர்தம் வழக்கறிஞர் முதல் வகுப்பு கோரி மனு அளிப்பது தமிழகத்தில் வழக்கமாகிவிட்டதற்கு இதுவே அடிப்படை. அவ்வாறு கோருவோர் சட்டத்தை மீறுவதில்லை. சட்டமே அதற்கு இடம் வைத்திருக்கிறது.

இந்த அளவுகோலை நேரடியாகத் தாக்கிய தீர்ப்பு 1980-இல் வந்தது. பஞ்சாப் காவல் விதிகளின்படி, உயர் வகுப்பு விசாரணைக் கைதிக்கு, அதாவது வழக்கு முடியாமல் காவலில் இருப்பவருக்கு, விலங்கு பூட்டுவது விதிவிலக்கு. சாதாரண வகுப்பினருக்கோ அதுவே வழக்கம். பிரேம்சங்கர் சுக்லா வழக்கில் இவ்வேறுபாட்டை ஆராய்ந்த நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், 1948-இல் தாமும் சிறையிருந்தவர், வசதிக்கும் தப்பியோடும் இயல்புக்கும் தொடர்பில்லை என்பதால் அது 14-ஆம் பிரிவுக்கு முரணானது என்று தீர்த்தார். விலங்குக்குப் பொருந்தும் இந்த நியாயம் கட்டிலுக்கும் சோற்றுக்கும் பொருந்தாமல் போவது எப்படி என்பதற்கு இதுவரை ஏற்கத்தக்க விடை கிடைத்ததில்லை. மென்மையான வாழ்வுக்குப் பழகியவருக்குச் சிறை கூடுதலாக வலிக்கும் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். தரையில் படுத்துப் பழகியவருக்குத் தரை போதும் என்ற முடிவை மறைத்து வைத்திருக்கும் வாதம் அது; வறுமையில் பிறந்ததற்காக ஒருவருக்குத் தண்டனையைக் கூட்டுவதே அதன் விளைவு.

நீதிபதி முல்லா தலைமையில் 1980 முதல் 1983 வரை ஆராய்ந்த அகில இந்தியச் சிறைச் சீர்திருத்தக் குழு, சமூக பொருளாதார நிலையை ஒட்டிய வகுப்புப் பிரிவினையைக் கைவிடப் பரிந்துரைத்தது. மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட மாதிரிச் சிறைக் கையேடும் அத்தகைய பிரிவினை கூடாதென்றே கூறுகிறது. ஆனால் சிறை மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதால் கையேடு வெறும் அறிவுரையாகவே நிற்கிறது. 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதி அடிப்படையில் வேலையும் அறையும் ஒதுக்கும் விதிகளை அரசியல் சாசனத்துக்கு எதிரானவை என்று நீக்கியது. சாதியைக் கேட்டு அறை ஒதுக்குவது தவறென்றால், வங்கிக் கணக்கையும் புகழையும் கேட்டு அறை ஒதுக்குவதும் தவறே. முதல் வகுப்பில் இன்று கிடைக்கும் கட்டிலும் உண்ணத்தக்க உணவும் நூல்களும் ஆடம்பரமல்ல, மனிதருக்குரிய அடிப்படைத் தேவைகள். அவற்றைப் புகழ்பெற்றவரிடமிருந்து பறிக்கத் தேவையில்லை. விதியேடுகளில் சமூக நிலை என்ற அளவுகோல் எங்கெல்லாம் எஞ்சியிருக்கிறதோ அங்கெல்லாம் மாநில அரசுகள் அதை அடித்துவிட்டு, ஜதீந்திரநாத் தாஸ் உயிர் கொடுத்துக் கேட்டவற்றை எல்லாக் கைதிகளுக்கும் வழங்க வேண்டும்.