கூனியின் பங்கு

கூனி இல்லாவிட்டால் இராம கதை அயோத்தியை விட்டு நகர்ந்திருக்காது. அமெரிக்கக் காட்சிக் குஸ்தியில் அந்தப் பங்கு மானேஜருடையது. பயில்வானோடு கூடவே வந்து, நடுவர் முகம் திரும்பிய சமயம் பார்த்து எதிராளியின் காலை வாரிவிடும் உத்தியோகம். முடிவு முன்பே பேசி வைத்ததுதான். விழுகிற அடி மட்டும் நிஜம்.

இதில் பேர் வாங்கியவர் ஷெர்ரி மார்ட்டெல் என்ற அம்மாள். 1987-ல் ஃபாபுலஸ் மூலாவை வென்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். மாதர் சாம்பியன் ஆனவர். 1988-ல் பட்டம் கைமாறிற்று. 1990-ல் கம்பெனி அந்தப் பட்டத்தையே மூட்டை கட்டி வைத்துவிட்டது. குஸ்தி தெரிந்த பெண்ணுக்கு மிஞ்சியது வில்லி வேஷந்தான். ராண்டி சாவேஜ், டெட் டிபியாஸி, ஷான் மைக்கேல்ஸ் என்று பலருக்குத் துணை நின்றார்.

1991 மார்ச் 24, லாஸ் ஏஞ்சல்ஸ். தோற்றுக் கிடந்த சாவேஜை ஷெர்ரி உதைக்கிறார். சாவேஜின் பழைய துணைவி எலிசபெத் கூட்டத்திலிருந்து ஓடிவந்து, ஷெர்ரியின் தலைமயிரைப் பற்றி வெளியே எறிகிறார். பிரிந்தவர்கள் தழுவிக்கொள்ள, ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள். எலிசபெத் மல்யுத்தம் பயின்றவர் அல்லர். எறியப்பட்டவருக்கு விழத் தெரிந்திருந்தது. அந்த மெல்லிய கையின் பலத்தை ஊர் நம்பியது அதனால்தான்.

2006-ல் அதே கம்பெனி தன் கீர்த்தி மண்டபத்தில் ஷெர்ரிக்கு இடம் தந்தது. மறு வருஷம் அவர் காலமானார்.