பொற்றாமரையும் பொன்தட்டும்: ஒரு பரிசுப் பொருளின் வரலாறு

பாணர்க்குப் பொற்றாமரையும் விறலியர்க்குப் பொன்னணியும் அளித்து விடைகொடுப்பது சங்ககாலப் புரவலர் மரபு. இருபதாம் நூற்றாண்டில் புரவலனின் இடத்தில் இசைத்தட்டு நிறுவனம் அமர்ந்தது. பொற்றாமரையின் இடத்திற்குக் கண்ணாடிச் சட்டமிட்ட பொன்தட்டு வந்தது. இன்று பழம்பொருள் சேகரிப்போர் பெருவிலை கொடுத்துத் தேடும் இப்பொருளைக் கலைஞனின் புகழுக்கான சான்றாக மட்டும் வாசிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதனை ஒரு பொருளியல் ஆவணமாகவும் வாசிக்கலாம் என்பதே இப்பதிவின் கருத்து.

முதற்பொன்தட்டு எனப் பொதுவாகக் கருதப்படுவது 1942 பிப்ரவரி 10 அன்று கிளென் மில்லருக்கு ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் வழங்கியது. 'சட்டநூகா சூ சூ' என்னும் பாடலின் தட்டு பன்னிரண்டு இலட்சம் படிகள் விற்றதைக் கொண்டாட நிறுவனம் தானே வகுத்துக்கொண்ட விளம்பர உத்தி அது. விற்றவரே எண்ணிச் சொன்ன கணக்கு. இக்கணக்கைத் தணிக்கை செய்து சான்றளிக்கும் முறையை அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் கூட்டமைப்பு 1958 மார்ச்சில் தொடங்கியது. பெர்ரி கோமோவின் பாடல் ஒன்று முதற்சான்று பெற்றது. ஒற்றைப் பாடல் தட்டுக்குப் பத்து இலட்சம் படிகள் அளவுகோலாயின. நெடுந்தட்டுக்கோ பத்து இலட்சம் டாலர் மொத்த விற்பனை. 1975இல் நெடுந்தட்டுக்கு ஐந்து இலட்சம் படிகள் என்னும் நிபந்தனையும் சேர்ந்தது. ஆகவே 'பொன்' என்னும் ஒரே சொல் ஆண்டுக்காண்டு வெவ்வேறு எண்ணிக்கையைக் குறித்தது. 

பொன்னாடையில் பொன் இல்லாததுபோல் பொன்தட்டிலும் பெரும்பாலும் பொன் இல்லை. பொன்வண்ணப் பூச்சோ மென்முலாமோ இருக்கும். சட்டத்துக்குள் இருப்பது பரிசு பெற்ற அதே தட்டாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வேறொரு தட்டுக்கு முலாம் பூசி உரிய சீட்டை ஒட்டியவையும் உண்டு. எனவேதான் தேர்ந்த சேகரிப்பாளர், சீட்டில் அச்சிட்ட பாடல்களின் எண்ணிக்கை தட்டில் தெரியும் பாடற்பிரிவுகளோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறார். பின்புலத் துணி, சட்டத்தின் அமைப்பு, பிற்காலத் தட்டுகளாயின் ஒளிமுத்திரை ஆகியவற்றைக் கொண்டு காலத்தைக் கணிக்கிறார். அனைத்திலும் முதன்மையானது பெயர்ப்பட்டயம். ஒரே பாடலுக்கான பொன்தட்டுகள் பாடகருக்கும் மேலாளருக்கும் வானொலி நிலையத்துக்கும் நிறுவன அலுவலருக்கும் வழங்கப்பட்டன. யார் பெயருக்கு வழங்கப்பட்டது என்பதே விலையை நிர்ணயிக்கிறது.

இந்தியாவுக்கு வருவோம். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரல் பதிவானது. 1908இல் சியால்தாவிலும் பின்னர் டம்டம்மிலும் தட்டு அச்சிடும் ஆலைகள் எழுந்தன. சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளை வெளியிட்டுப் போட்டியிட்டபோதிலும், விடுதலைக்குப் பின் சில பத்தாண்டுகள் எச்.எம்.வி. முத்திரையே சந்தையை ஆண்டது. 1970, 80களில் பொன்தட்டும் பிளாட்டினத் தட்டும் வழங்கும் விழாக்கள் இங்கும் பரவின. அச்சிடுவதும் விற்பதும் எண்ணுவதும் பரிசளிப்பதும் நிறுவனத்தின் கையிலேயே இருந்தன. 

அந்த எண்ணிக்கையில் பாடியவருக்குப் பங்கு உண்டா என்னும் வினா மேடையில் எழவில்லை, வெளியே எழுந்தது. 1960களின் தொடக்கத்தில் லதா மங்கேஷ்கர் பாடகருக்கும் உரிமைத்தொகை வேண்டும் என்றார். ஊதியம் பெற்றதோடு பாடகரின் உரிமை முடிந்தது என்றார் முகமது ரஃபி. இருவரும் சில ஆண்டுகள் இணைந்து பாடவில்லை. 1977இல் இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி வழக்கில், மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்து, ஊதியம் பெற்றுத் திரைப்படத்துக்கு ஆக்கப்பட்ட பாடலின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இசையை நிகழ்த்துபவருக்குப் பதிப்புரிமை இல்லாத நிலை இந்திய மரபுக்கு ஒவ்வாதது என நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் அதே தீர்ப்பில் தனியே குறித்தார். நிகழ்த்துநர் உரிமை சட்டத்தில் இடம்பெற 1994 வரையும், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமைத்தொகையின் சமபங்கை விட்டுக்கொடுக்க இயலாது என்னும் பாதுகாப்பு வர 2012 வரையும் காத்திருக்க நேர்ந்தது. திரையிசையில் பொன்தட்டு விழாக்கள் செழித்த காலமும் உரிமைத்தொகை மறுக்கப்பட்ட காலமும் ஏறத்தாழ ஒன்றே.

எதிர்ச்சான்றும் உண்டு. எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதத் தட்டின் உரிமைத்தொகை திருப்பதி தேவஸ்தானத்தின் வேதபாடசாலைக்குச் சென்றது. கொடுக்க வேண்டுமெனில் முதலில் உரிமையோடு பெற்றிருக்க வேண்டும். திரைக்கு வெளியே, பேரம் பேசும் வலிமையுள்ள கலைஞருக்கு அது கைகூடியது. அங்கே கலைஞரே புரவலர் ஆனார்.

ஒலிநாடா வந்தபின் எண்ணிக்கையே ஆட்டம் கண்டது. 1980களில் திருட்டுப் பதிவுகள் பெருகியதைப் பீட்டர் மானுவல் 'காசெட் கல்ச்சர்' (1993) நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் தேநீர்க்கடையிலும் பேருந்திலும் ஒலித்த நாடாக்களைப் பொன்தட்டின் எண் அறியாது. எனவே மக்கள் எதைக் கேட்டனர் என்பதற்கு அதைத் தனிச்சான்றாகக் கொள்ளல் தகாது.

நம்மிடம் வளமான சேகரிப்பு மரபு உள்ளது. வி. ஏ. கே. ரங்காராவின் பல்லாயிரம் தட்டுகள், 1990இல் மும்பையில் தோன்றிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், முனிர்காவிலிருந்து மெட்ரோவில் போய்வரும் தொலைவில் குருகிராமிலுள்ள இன இசையியல் ஆவணக் காப்பகம் என அது நீளும். இம்மரபு தட்டையும் உறையையும் பாட்டுப் புத்தகத்தையும் போற்றிய அளவுக்கு ஒப்பந்தத்தாளையும் உரிமைத்தொகைச் சீட்டையும் போற்றவில்லை. கலைஞர் குடும்பங்களைக் களஆய்வில் சந்திக்கும் மாணவர்கள் சுவரில் தொங்கும் தட்டைப் படமெடுப்பதோடு நின்றுவிடலாகாது. அந்தத் தட்டு வந்த ஆண்டில் வீட்டுக்கு எவ்வளவு பணம் வந்தது, எந்தத் தாளில் கையொப்பமிட்டார்கள் என்றும் கேட்க வேண்டும். கையொப்பமிட்ட தாள் இரும்புப் பெட்டியின் அடியில் இன்னும் கிடக்கக்கூடும். பழைய தாள்களோடு எடைக்குப் போகுமுன் அதனைப் படியெடுப்பது நம் கடமை.