சட்டத்தைத் தானே வாசிக்கும் உரிமை: செப்பேடு முதல் வலைத்தளம் வரை

சட்டம் எல்லோருக்கும் பொது என்று சொல்லுகிறோம். அந்தச் சட்டத்தை எழுதி வைத்திருக்கிற இடம் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறதா? இந்த ஒரு கேள்வியைத்தான் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். கல்லூரி வாசலை மிதித்தவனும் அல்லன். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடியில் பிறந்து, பிழைப்புக்காகத் தென்கோடிக்கு வந்து, குளத்தூரில் பலசரக்குக் கடை வைத்து நாற்பது வருடம் ஆகிறது. கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் படித்ததும் பெரியவர்களிடம் கேட்டதும்தான் என் கல்வி. பிழை இருந்தால் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

அண்ணாச்சியும் நானும்

எனக்குக் கடைக்கு இடம் கொடுத்தவர் ஒரு அண்ணாச்சி. தமிழ் வாசிப்பார், மலையாளம் பேசுவாரே தவிர எழுத்து அவ்வளவாக ஓடாது. சர்க்கரை வியாதியில் கண் போனபிறகு அதுவும் இல்லை. தபாலில் எது வந்தாலும், “நயினாரே, இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லும் ஓய்” என்று கடைக்கு வந்துவிடுவார். கணக்கு எழுதிப் பழகிய மலையாளம் எனக்கு. நானும் வாசித்துத் தமிழில் சொல்லுவேன்.

ஒரு தடவை மறுநில அளவை பற்றி அவருக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. கடையில் ஆள் நின்றுகொண்டிருந்த நேரம். வாசித்தேன், சுருக்கிச் சொன்னேன். ஆட்சேபணை இருந்தால் குறிப்பிட்ட நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. எல்லா நோட்டீஸிலும் போடுகிற சம்பிரதாயம்தானே என்று அதை விட்டுவிட்டேன். பிற்பாடு பார்த்தால், அவருடைய பழைய எல்லையில் இரண்டு சென்ட் பாதைக்குள் போய்விட்டிருந்தது. நாள் கடந்துபோனது.

சில வருடம் கழித்து அவருடைய பேத்தி கைப்பேசியில் வாசிக்கும் வசதியை அமைத்துக் கொடுத்தாள். நில அளவை பற்றிய மலையாளப் பக்கம் ஒன்றை அது அவருக்கு வாசித்துக் காட்டியது. மறுநாள் காலையில் கடைக்கு வந்து, “நீரு அன்னைக்கு வாசிச்சதுல இந்த ஆட்சேபணைச் சமாச்சாரம் இல்லியே ஓய்” என்றார். எனக்கு நாக்கு எழவில்லை. “நீரு வஞ்சகமா விடல, அது எனக்குத் தெரியும். ஆனா எனக்கு எது வேணும், எது வேண்டாம்னு நீரே தீர்மானிச்சுப்போட்டீரே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணாச்சி இப்போது இல்லை. அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. இந்த விஷயத்தை நான் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதனால்தான்.

செப்பேடும் அச்சும்

குளத்தூரிலிருந்து எல்லையைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனால் முஞ்சிறைப் பக்கம் பார்த்திவபுரம் இருக்கிறது. கி.பி. 866-இல் ஆய் வேந்தன் கருநந்தடக்கன் அங்கே கோயில் எடுத்து, 95 மாணாக்கருக்கு ஒரு சாலையும் அமைத்தான். சாலையின் ஒழுங்குமுறைகளைச் செப்பேட்டில் எழுதி வைத்தான். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கும் குடவோலை விதிகளைச் சுவரிலேயே வெட்டினார்கள். ஆக, விதியை எழுதி நிலைநிறுத்த வேண்டும் என்ற எண்ணம் நம்மவர்க்குப் பழையது.

ஆனால் செப்பேடு பெட்டிக்குள் இருந்தது. சுவரெழுத்து கண்ணும் எழுத்தறிவும் உள்ளவனுக்கே பேசியது. மற்றவர்கள் வாசித்துச் சொல்லுகிறவன் வாயைத்தான் பார்த்திருக்க வேண்டும். பின்னாளில் அச்சு வந்தது, கெசட் வந்தது. பிரதிகள் பெருகின, ஆனால் கண் தெரியாதவனுக்கு ஓலையும் ஒன்றுதான், அச்சுத் தாளும் ஒன்றுதான்.

புள்ளி எழுத்து

இதை மாற்றியது விரல். பிரான்சு நாட்டு லூயி பிரெயில், தானே பார்வை இழந்தவர், 1824 வாக்கில் ஆறு புள்ளிகளைக் கொண்டு தடவி வாசிக்கும் எழுத்தை உருவாக்கினார். நம் தென்பகுதியில் பாளையங்கோட்டையில் 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951-இல் ஏற்பட்டது. பள்ளிப் பாடம் பிரெயிலில் வந்தது, கதை வந்தது. சட்டப் புத்தகம் வருவது அபூர்வம். பிரெயிலில் அச்சிட்டால் ஒரு புத்தகம் பல புத்தகமாகப் பருத்துவிடும். சட்டமோ வருடா வருடம் திருத்தப்படும். யார் அச்சடித்துக்கொண்டே இருப்பது?

கணினி வந்தபோது இந்த முட்டுக்கட்டை நீங்கியது. திரையில் இருப்பதைக் குரலாகச் சொல்லும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்கிறார்கள். விண்டோஸ் கணினிக்கான ஜாஸ் 1995-இல் வந்தது, விலை அதிகம். 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளைத் தொடங்கி இலவசமாகவே கொடுத்தார். சட்டத்தை ஒரு முறை வலைத்தளத்தில் ஒழுங்காக ஏற்றினால் போதும். கண்ணுள்ளவன் பார்ப்பான், இல்லாதவன் கேட்பான். திருத்தம் வந்தால் ஒரே இடத்தில் மாற்றிவிடலாம்.

“ஒழுங்காக ஏற்றினால்” என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. என் கடையில் வரிசையாக ஒரே அளவு டின்கள் அடுக்கியிருக்கும். எது சீரகம், எது சோம்பு என்று லேபிள் சொல்ல வேண்டும். வலைப்பக்கமும் அப்படித்தான். தலைப்பைத் தலைப்பு என்றும், பொத்தானை இன்ன பொத்தான் என்றும், படத்தை இன்ன படம் என்றும் உள்ளே குறித்து வைத்தால் திரைவாசிப்பான் சொல்லும். குறிக்காவிட்டால் “பொத்தான், பொத்தான், படம்” என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகும்.

சிட்னியில் ஒரு வழக்கு

இது உபகாரம் அல்ல, உரிமை என்று உலகத்தில் முதன்முதலாக நிலைநாட்டிய வழக்குகளில் ஒன்று சிட்னி ஒலிம்பிக்கைப் பற்றியது. புரூஸ் மக்வயர் என்ற பார்வையற்றவர், போட்டி அமைப்புக் குழுவின் வலைத்தளத்தைத் தம்மால் வாசிக்க முடியவில்லை என்று 1999-இல் முறையிட்டார். படங்களுக்கு விளக்கச் சொல் இல்லை. ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி இல்லை. 2000 ஆகஸ்டில் அந்நாட்டு மனித உரிமை ஆணையம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அமைப்புக் குழு முழுமையாகப் பணியவில்லை என்பதால் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடும் விதித்தது. வலைப்பக்கங்களுக்கான முதல் சர்வதேச அணுகல் வழிகாட்டி 1999 மே மாதம்தான் வெளிவந்திருந்தது. அது பிறகு 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் விரிவாக்கப்பட்டது.

நம் நாட்டில்

1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களைச் சொன்னது. வலைத்தளத்தைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. அதே 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்றது. 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம், எழுத இயலாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தில் கொண்டுவர அதிகாரி உதவ வேண்டும் என்றும், புலன் குறைபாடு உள்ளவருக்குத் தகவலைப் பெறத் துணை செய்ய வேண்டும் என்றும் விதித்தது. இதையெல்லாம் அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்?

ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் ஏற்றது. 2009-இல் அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டி நெறிகள் வந்தன. 2016-ஆம் ஆண்டுப் புதிய சட்டம் ஊனங்களின் வகையை 21 ஆக்கியது. அதன் 12-ஆவது பிரிவு, அரசின் பொது ஆவணங்கள் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க வடிவில் இருக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. நீதிமன்றத்துக்குள் சாய்தளம் போட்டால் மட்டும் போதாது, தாளும் திறக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

நீதிமன்றத் தளங்களிலேயே ஒரு பூட்டு இருந்தது. வளைந்து நெளிந்த எழுத்தைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்தால்தான் உள்ளே விடும் கேப்ச்சா. மனிதனா, இயந்திரமா என்று சோதிக்க வைத்த அது, பார்வையற்ற மனிதனை இயந்திரத்தோடு சேர்த்து வெளியே நிறுத்தியது. உச்ச நீதிமன்றத்தின் மின்குழு 2020, 2021 ஆண்டுகளில் உயர் நீதிமன்றங்களுக்கு எழுதி, காதால் கேட்டு எழுதும் கேப்ச்சாவையும் வாசிக்கத்தக்க ஆவணங்களையும் கொண்டுவர முயன்றது. காது கேளாதவருக்கும் வழி திறந்தது: 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்ற காது கேளாத வழக்கறிஞர் சைகை மொழிபெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்றத்தில் வாதத்தில் கலந்துகொண்டார்.

இரண்டு தீர்ப்புகளைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ராஜீவ் ரத்தூரி என்ற பார்வைக் குறைபாடு உள்ளவர் 2005-இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் நெறிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதி செல்லாது, கட்டாய விதி வகுக்க வேண்டும் என்றது. அடுத்து 2025 ஏப்ரல் 30. அமிலத் தாக்குதலில் பிழைத்த பிரக்யா பிரசூன் முதலானோரும், பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும் தொடுத்த வழக்குகளில், நீதிபதிகள் பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோரின் அமர்வு, மின்வழிச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21-ஆவது உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, 20 கட்டளைகளைப் பிறப்பித்தது. சிட்னியில் முறையீடு எழுந்து கால் நூற்றாண்டுக்குப் பின் நாமும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம்.

தமிழுக்குரிய தனிக் குறை

நிற்க. தீர்ப்பு வந்தாலும் தமிழுக்கு என்று ஒரு தடை தனியாக இருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் ஒவ்வொரு அச்சகமும் ஒவ்வொரு எழுத்துருவை வைத்திருந்தது. அதில் தட்டச்சு செய்த பக்கம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கிலக் குறிகள். திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். ஆகவே அழகான தமிழ்ச் சட்ட நூல் ஒன்று காதில் பேத்தலாக விழும். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இருந்தும் பழைய கோப்புகள் அப்படியே கிடக்கின்றன. அரசாணையைக் கையெழுத்தோடு படம் பிடித்துப் பி.டி.எஃப். ஆக ஏற்றும் வழக்கமும் போகவில்லை. படத்தில் எழுத்து இல்லை, நிழல்தான் இருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் தமிழிலும் ஏற்றப்படுகின்றன. அவையும் எழுத்தாக இருந்தால்தான் பயன்.

எல்லைத் தமிழருக்கு இது இரட்டைப் பூட்டு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்தோடு போனது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமைகளுக்கும் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்கிறது. இந்த உரிமையையே தமிழில், காதால் கேட்கும்படி, எங்கே போய்த் தெரிந்துகொள்வது? அண்ணாச்சி என் கடைக்கு வந்ததன் காரணம் கண் மட்டுமல்ல, மொழியும்தான்.

நாம் செய்யக் கூடியது

பெரிய காரியம் எதுவும் வேண்டாம். சட்டத் தகவலை யூனிகோடு எழுத்தாக ஏற்ற வேண்டும், படமாக அல்ல. தலைப்புகளையும் பொத்தான்களையும் பெயரிட்டுக் குறிக்க வேண்டும். கை நடுங்குகிறவர்கள் சுட்டியைப் பிடிக்க முடியாது. விசைப்பலகையாலேயே எல்லாம் நடக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்க இடம் இருக்க வேண்டும். காணொளிக்கு எழுத்து வரியும், கூடுமானால் இந்தியச் சைகை மொழியும் வேண்டும். திருவனந்தபுரத்திலேயே 1997 முதல் தேசியப் பேச்சு கேட்பு நிறுவனம் இருக்கிறது, ஆலோசனை கேட்கலாம். வாக்கியம் சின்னதாக, “எந்த நாளுக்குள், யாரிடம், எந்தத் தாளோடு” என்று தெளிவாக இருக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின், மாற்றுத்திறனாளி ஒருவரை உட்காரவைத்து அவரே பயன்படுத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும். சரக்கு நல்லதா என்று வாங்குகிறவன்தான் சொல்ல வேண்டும். விற்கிறவன் சொல்லக் கூடாது.

நம் சங்கம் இதில் ஒரு அடி வைக்கலாம். ஆட்சிமொழி உரிமை, இலவசச் சட்ட உதவி, அதற்குரிய 15100 என்ற தொலைபேசி எண், மாற்றுத்திறனாளிச் சான்றிதழ், நில அளவை ஆட்சேபணை, இந்த ஐந்தையும் பற்றி எளிய தமிழில் ஐந்து பக்கம் எழுதி, திரைவாசிப்பானில் சோதித்து, இணையத்தில் ஏற்றுவோம். இந்த மலரையும் அச்சோடு நிறுத்தாமல் அவ்வாறே ஏற்றுவோம். தட்டச்சுச் செலவை நான் ஏற்கிறேன்.

எங்கள் சமணத்தில் தானம் நான்கு: அன்னம், அபயம், ஔடதம், சாத்திரம். சாத்திர தானம் என்றால் ஏட்டைப் படியெடுத்துக் கொடுப்பது என்று சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தார்கள். ஏட்டைக் கொடுத்தால் மட்டும் போதாது, வாங்குகிறவன் அதைத் தானே வாசிக்க வேண்டும் என்று அண்ணாச்சியிடம்தான் கற்றேன். அந்தப் பாடத்துக்கு அவர் கொடுத்த விலை இரண்டு சென்ட் நிலம்.