வெண்ணெய்ச் சாவடியும் பீரங்கி மாடுகளும்

அமிர்தமஹால் என்று ஒரு மாட்டினம் கர்நாடகத்தில் இருக்கிறது. பேரைக் கேட்டா குடம் குடமாப் பால் கறக்கும்னு தோணும். அதுதான் இல்லை. கன்றுக்குப் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். சாம்பல் நிறம், ஒடுங்கிய நீள முகம், பின்னால் போய் மேலே ஏறி ஊசி மாதிரி முடியும் கொம்பு. புது ஆள் கிட்டே போனா முறைக்கும்.

பேருக்கான காரணம் மைசூர் அரண்மனையில் இருக்கிறது. 1672 முதல் 1704 வரை ஆண்ட சிக்கதேவராஜ உடையார் காலத்தில் இந்தப் பண்ணைக்குப் பேர் 'பெண்ணெ சாவடி'. கன்னடம் தெரியாதவங்களுக்கும் புரியுமே, நம்ம வெண்ணெய், நம்ம சாவடி. அரண்மனைக்குப் பால், வெண்ணெய் அனுப்பிய இலாகா. திப்பு சுல்தான்தான் அதை அமிர்தமஹால் ஆக்கினார். பேர் என்னவோ இனிப்பா வெச்சுட்டார். ஆனா மாடு அதற்குள் பீரங்கி இழுக்கப் போயிருந்தது!

அந்தக் காலத்துப் போரில் குதிரை வேகமாகப் போய்விடும். பீரங்கியும் அரிசி மூட்டையும் பின்னால் வந்து சேரணுமே? வாடகைக்குப் பிடித்த வண்டி மாடுகளோடு ஆங்கிலேயர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1781ல் நம்ம கடலூர், சிதம்பரம் பக்கம் வந்த ஐர் கூட்டின் படைக்கு இழுவை மாட்டுப் பஞ்சம்தான் பெரிய தலைவலி. எதிர்ப்பக்கம் ஹைதர் அலி, சிதம்பரத்தைக் காக்க இரண்டரை நாளில் 100 மைல் வந்து சேர்ந்தார் என்று ஆங்கிலேயர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குக் காரணமாக அவர்கள் சொல்வது இந்த மாடுகளைத்தான். அந்த ஜூலையில் பறங்கிப்பேட்டையில் ஹைதர் தோற்றார். ஆனால் பீரங்கிகளை எதிரி கையில் விடாமல் இழுத்துக்கொண்டு போய்விட்டார். தோற்ற பிறகும் பீரங்கி மிஞ்சினால்தானே அடுத்த சண்டை?

1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. ஜெயித்தவர்கள் பிற்பாடு மந்தைகளைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். பண்ணையை நடத்த திப்பு எழுதி வைத்த உத்தரவுகளையே அவர்களும் பின்பற்றினார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். ஆளைக் கொன்றாச்சு, அவர் எழுதிய மாட்டுச் சட்டம் மட்டும் வேணும் :-) பிற்காலத்தில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி இந்த மாடுகளை வைத்துத்தான் தக்காணத்தில் ஓட்டமாக ஓடினார். அப்புறம் ஸ்பெயினில் நெப்போலியன் படையோடு மோதும்போது, மைசூர் மாடு இல்லையே என்று ஏங்கினார் என்பார்கள்.

இந்த மாட்டின் ரகசியம் ரத்தத்தில் மட்டும் இல்லை, நிலத்தில் இருக்கிறது. அடிப்படையில் இது ஹள்ளிகார் வம்சம். நம்ம காங்கேயம், பர்கூர், ஆலம்பாடி எல்லாவற்றையும் இதோடு சேர்த்து 'மைசூர் வகை' என்று ஒரே பிரிவில்தான் வைக்கிறார்கள். அமிர்தமஹாலை வேறு மாதிரி ஆக்கியது 'காவல்'கள். காவல் என்றால் மேய்ச்சலுக்காகவே அரசு ஒதுக்கிக் காத்த புல்வெளி. கோடைக் காவல், மழைக் காவல், குளிர்காலக் காவல் என்று பருவத்துக்கு ஒன்று. கோடைக்கு நிழல் மரமும் குளமும் இருக்கிற இடம். தொழுவம் கிடையாது, தொட்டித் தீவனம் கிடையாது. மந்தை நடந்துகொண்டே இருக்கும். பால் கன்றுக்கே. இப்படி வெயிலிலும் மழையிலும் நடந்து வளர்ந்த காளை, காலாட்படையை விட வேகமாக நடந்ததில் என்ன ஆச்சரியம்?

1860ல் மதராஸ் கவர்னர் டிரவெல்யன் சிக்கனம் என்று சொல்லி இலாகாவையே மூடினார். மந்தைகள் விலைக்குப் போயின. ஆறே வருஷம். ராணுவத்துக்கு நல்ல மாடு கிடைக்காமல் 1866ல் மறுபடி வாங்கிச் சேர்த்து ஆரம்பித்தார்கள். சேர்க்க முடிந்ததற்குக் காரணம், மாடு போனாலும் நிலம் அப்போது மிச்சமிருந்தது.

அப்புறம் ரயில், லாரி, டிராக்டர் எல்லாம் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு காவல் நிலங்கள் விவசாயத்துக்கும் மற்றதுக்குமாகக் கரைந்தன. வரைபடத்தில் 'தரிசு' என்று தெரியும் நிலத்துக்கு யார் வக்காலத்து வாங்குவார்கள்? அங்கே வெளிமானும் கானமயிலும் இருந்தது கணக்கில் வராது. சுற்றுக் கிராமங்களின் ஆடுகளும் கம்பளி நெசவும் அந்தப் புல்லை நம்பி இருந்ததும் கணக்கில் வராது.

சித்ரதுர்கா மாவட்டம் சள்ளகெரே பக்கம் மிஞ்சியிருந்த பெரிய காவல்களில் சுமார் 10,000 ஏக்கர் 2009க்குப் பிறகு கைமாறியது. ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவுக்கு 4,000 ஏக்கருக்கு மேல். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு 1,500 ஏக்கர். இஸ்ரோவும் பாபா அணு ஆராய்ச்சி மையமும் மிச்சத்தில். சுற்றுச்சுவர் எழும்பிய பிறகுதான் மேய்ப்பவர்கள் பலருக்கு விஷயமே தெரிந்தது. போராட்டம் நடந்தது, வழக்கு பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு வரை வந்தது. 2014ல் தீர்ப்பும் வந்தது. திட்டங்கள் நிற்கவில்லை.

2017ல் அங்கே டிஆர்டிஓவின் விமானச் சோதனைத் தளம் திறக்கப்பட்டது. சோதிப்பது ஆளில்லா விமானங்களை. யுத்தத்துக்காக வளர்த்த மாட்டின் புல்வெளியை அடுத்த யுத்தத்தின் ஆயுதம் எடுத்துக்கொண்டது. ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்லும் ஆள் நானில்லை. ஆனால் இத்தனை நூற்றாண்டு அரசுகள் காத்த புல்வெளியைத்தான் அதற்குத் தேடிப் பிடிக்கணுமா?

சிக்கமகளூர் மாவட்டம் அஜ்ஜம்புராவில் அரசுப் பண்ணை ஒன்று இந்த இனத்தை வளர்க்கிறது. விந்து உறையை உறைநிலையில் வைத்து ரத்தத்தைக் காப்பாற்றிவிடலாம். பருவத்துக்கு ஒரு காவலாக நடக்க வைக்க நிலம் வேணுமே.