புதிய நன்னீர்த் தொட்டியில் சிக்லிட் மீன்களை விடுதல்: அரிப்புக் கரையோர நோக்கு

சிக்லிட் என்பது ஆபிரிக்கா, அமெரிக்கா, மடகாஸ்கர், தெற்காசியா ஆகிய நிலப்பரப்புகளில் பரவியுள்ள, ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட மீன் குடும்பம். தெற்காசியாவுக்கு உரியவை மூன்று இனங்கள் மட்டுமே. அவற்றுள் பச்சைக் குரோமைட், செம்மஞ்சள் குரோமைட் ஆகிய இரண்டும் இலங்கையின் ஆறுகளிலும் களப்புகளிலும் இயற்கையாக வாழ்கின்றன. கேரளத்தில் முன்னது கரிமீன், பின்னது பள்ளத்தி. மன்னார்ப் பெருநிலத்தில், அருவியாறு கடலைச் சேரும் இடத்தை அண்டியுள்ள அரிப்பு போன்ற ஊர்களில் நன்னீர்த் தொட்டி அமைப்பவர் முரண்படும் இரு விதிகளை எதிர்கொள்கிறார். புதிய தொட்டியின் நீர், மீன்களைச் சிறிது சிறிதாக விடுவதையே தாங்கும். சிக்லிட்டின் எல்லை காக்கும் குணமோ, எல்லாவற்றையும் ஒருசேர விடுவதை வேண்டுகிறது. மீன் விடுமுன்பே தொட்டியை முழுமையாகப் பக்குவப்படுத்தினால் இந்த முரண்பாடு எழாது.

நீரின் பக்குவம்

மீனின் செவுள்களிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் அமோனியா இடைவிடாது வெளிப்படுகிறது. ஒருவகைப் பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும், வேறு பற்றீரியாக்கள் அந்த நைத்திரைற்றை நச்சுத்தன்மை குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. வடிகட்டியிலும் சரளையிலும் இவை போதிய அளவு பெருகப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். மன்னாரின் தரைக்கீழ்ப் பாறை பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் என்பதால், கிணற்று நீர் பொதுவாகக் கடினமானது, காரச் சார்புடையது. இங்கே அமோனியாவின் ஆபத்து கூடுகிறது. 28 பாகை செல்சியசில் பிஎச் பெறுமானம் 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் ஏறத்தாழ 0.7 சதவீதமே செவுளை ஊடுருவும் நச்சு வடிவில் இருக்கும். பெறுமானம் 8 ஆனால் அந்தப் பங்கு 6 சதவீதத்தைத் தாண்டும். மென்னீரில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அளவு அமோனியா இந்த நீரில் அதைக் கொல்லக்கூடும். ஆகவே மீனில்லாத் தொட்டியில் அமோனியாக் கரைசலைச் சிறிதளவு இட்டோ, மீனிரையை அழுகவிட்டோ பற்றீரியாக்களை வளர்க்க வேண்டும். இட்ட அமோனியாவும் அதிலிருந்து உண்டாகும் நைத்திரைற்றும் ஒரே நாளில் மறைந்துவிடுவதைச் சோதனைக் கரைசலால் உறுதிசெய்து, பெரும்பகுதி நீரை மாற்றிய பின்னரே மீனை விடுவது தகும்.

உரம் வாய்ந்த மீன்களை முதலில் விட்டால் போதும், அவற்றின் கழிவே தொட்டியைப் பக்குவப்படுத்தும் என்பது பலரின் வாதம். திலாப்பியா கலங்கிய குளத்திலும் பிழைப்பதை அவர்கள் சான்றாகக் காட்டுவர். ஆனால் குளத்தின் பரந்த நீரும் சேறும் பாசியும் கழிவைப் பகிர்ந்துகொள்கின்றன. நூறு லீற்றர் தொட்டியில் அத்தகைய உதவி எதுவும் இல்லை. மீன் உயிரோடிருப்பதைக் கொண்டு அது நலமாயிருப்பதாகவும் கொள்ள முடியாது. அமோனியா செவுளைப் புண்ணாக்குகிறது. நைத்திரைற்று குருதி ஒட்சிசனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கிறது. உவர்ப்பிலுள்ள குளோரைட்டு, செவுள் வழியாக நைத்திரைற்று நுழைவதைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அது அமோனியாவுக்கு மருந்தாகாது.

எல்லையும் எண்ணிக்கையும்

வாரத்துக்கு இரண்டு மீன் என்று சேர்ப்பதே பாதுகாப்பு என்பது அடுத்த மறுப்பு. கூட்டமாய்த் திரியும் சிறுமீன்களுக்கு அது பொருந்தும். சிக்லிட்டிலோ முதலில் வந்தது கல்லையும் மூலையையும் தனதாக்கிக்கொண்டு, பின்வருவதை விரட்டும். இளம் மீன்களை ஒரே நாளில் விட்டால் எவையும் முன்னுரிமை பெறா. அதற்கு முழுக் கூட்டத்தின் கழிவையும் முதல் நாளிலேயே ஏற்கும் வடிகட்டி வேண்டும். முன்கூட்டிப் பக்குவப்படுத்திய தொட்டியில்தான் அது கிடைக்கும். செம்மஞ்சள் குரோமைட் சுமார் 8 சென்ரிமீற்றரோடு நின்றுவிடுவதால் நூறு லீற்றரில் ஐந்தாறு குஞ்சுகளை வளர்த்து, தாமாக இணைசேர விடலாம். இணையின் இரு மீன்களும் சேர்ந்தே முட்டைகளைக் காக்கும். குஞ்சுகள் பெற்றோரின் உடலில் சுரக்கும் கோழையையும் உண்ணும். பச்சைக் குரோமைட் 20 சென்ரிமீற்றரையும் தாண்டி வளர்வதால் அதற்குச் சில நூறு லீற்றர் தேவை. இரண்டையும் சேர்த்து வைக்கலாமா என்ற கேள்விக்கு ஓர் ஆய்வு விடை தருகிறது. இளம் செம்மஞ்சள் குரோமைட்டுகள் பச்சைக் குரோமைட்டுகளின் உடலிலிருந்து ஒட்டுண்ணிகளைக் கொத்தி அகற்றுவதை வைமன், வார்ட் என்ற ஆய்வாளர்கள் 1972இல் பதிவு செய்தனர். அதே மீன்கள் பச்சைக் குரோமைட்டின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்னவும் செய்கின்றன. இனவிருத்தியை விரும்புவோர் பிரித்து வைப்பதே நல்லது.

இனத் தெரிவு

குரோமைட்டுகள் உவர்நீர் மீன்கள், அவற்றை நன்னீர்த் தொட்டிக்குப் பரிந்துரைப்பது தவறு என்றும் கூறலாம். இரண்டும் நன்னீரிலும் களப்பு நீரிலும் வாழக்கூடியவை. சற்றே உவர்ந்த கடின நீர் அவற்றுக்கு இசைவானது. பக்குவமான தொட்டியில் திடீரென உப்பிட்டால் பற்றீரியாக்களின் வேலை தளரும் என்பதால், உவர்ப்பின் அளவைத் தொடக்கத்திலேயே தீர்மானிக்க வேண்டும். மலாவி ஏரிச் சிக்லிட்டுகளும் கடின நீருக்கு ஏற்றவை. அமேசனின் மென்னீரைச் சேர்ந்த டிஸ்கஸ் இந்த நீரில் இடர்ப்படும். நிறத்துக்காக இவற்றைக் கலந்து வைப்பது எந்த இனத்துக்கும் நன்மையன்று.

உள்ளூர் இனத்தைத் தெரிய இன்னொரு காரணமும் உண்டு. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா நாட்டின் குளங்களெங்கும் நிலைபெற்றுவிட்டது. சிக்லிட் எவ்வளவு எளிதில் புதுநீரில் வேரூன்றும் என்பதற்கு அதுவே சான்று. அருவியாறும் கட்டுக்கரைக்குளமும் அருகிருக்கும் ஊரில், தொட்டி மீனை, அது உள்ளூர் இனமானாலும், நோய் பரப்பும் அபாயம் கருதி வெளிநீரில் விடவே கூடாது. எனவே இக்கரையோரத்தில் ஒரு தொட்டியைத் தொடங்குபவர் முதலில் நீரை அளந்து, அதற்கேற்ற இனத்தைத் தெரிந்து, பற்றீரியாக்கள் பெருகும்வரை பொறுத்து, அதன் பின் குஞ்சுகளை ஒன்றாக விடுவதே முறை. இந்த ஒழுங்கு கேட்பது சில கிழமைப் பொறுமை. அதைத் தவிர்த்தால் இழப்பு மீனின் உயிராகவே அமையும்.