ராமன் பக்கம் நின்று பார்த்த கடல்

1871 ஜனவரி 18. பிரான்ஸைத் தோற்கடித்த ஜெர்மானியர்கள், வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் பிரஷ்ய அரசரைப் பேரரசராக அறிவித்தார்கள். அதைப் பார்த்து வரைய அழைக்கப்பட்டவர் ஆன்டன் ஃபான் வெர்னர் என்ற ஓவியர். ஒரே காட்சியை வெவ்வேறு வருஷங்களில் திரும்பத் திரும்ப வரைந்தார். 1885இல் பிஸ்மார்க்குக்குப் பரிசாகப் போன ஓவியத்தில், பிஸ்மார்க் வெள்ளைச் சீருடையில் பளிச்சென்று நிற்கிறார். அன்று அவர் போட்டிருந்தது நீலம். விழாவுக்கே வராத போர் அமைச்சர் ரோனும் படத்தில் இருக்கிறார். என் தொழில் பாஷையில சொன்னா, புது வெர்ஷன்ல வரலாற்றுக்கே 'பக் ஃபிக்ஸ்' பண்ணிட்டார். மற்ற பெரிய ஓவியங்கள் இரண்டாம் உலகப் போரில் அழிந்தன. இன்று புத்தகங்களில் நாம் பார்ப்பது அந்த வெள்ளைச் சீருடையைத்தான்.

ஐரோப்பிய ஓவியப் பள்ளிகள் இந்த வகையை 'வரலாற்று ஓவியம்' என்று தலைமேல் வைத்துக் கொண்டாடின. போர், பட்டாபிஷேகம் மட்டுமில்ல, புராணமும் அதில் அடங்கும். நம்ம ஊரில் அந்த வேலையைச் செய்தவர் ரவி வர்மா. வெர்னரைவிட ஐந்து வயது இளையவர். 1848இல் கிளிமானூரில் பிறந்தவர். திருவிதாங்கூர் அரண்மனையில் தைலவண்ணம் கற்று, 1873 சென்னைக் கண்காட்சியில் பரிசு வாங்கி, சகுந்தலைக்கும் தமயந்திக்கும் முகம் கொடுத்தார். 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்; ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டால் சரஸ்வதியும் லட்சுமியும் வருவார்கள். பின்னாளில் அந்த அச்சகத்தை வாங்கி நடத்தியவரும் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரே. அரண்மனைக்குள் இருந்த படம் இப்படித்தான் சாதாரண வீட்டுச் சுவருக்கு வந்தது. அந்த வழியில் கோவில்பட்டியில் கொண்டையராஜு வரைந்தார், சிவகாசி அச்சடித்தது, காரைக்கால் பக்கம் எங்க கிளிஞ்சல்மேட்டு மீனவர் வீடுகள்ல காலண்டரா தொங்குச்சு.

அந்தச் சுவரிலிருந்து பார்க்கும்போதுதான் ரவி வர்மாவின் ஒரு படம் எனக்கு உறுத்துகிறது. கடைசிக் காலத்தில் மைசூர் அரண்மனைக்காக அவர் வரைந்தது, ராமன் வருணனை அடக்கும் காட்சி. கதை தெரிந்ததுதான்: இலங்கைக்குப் போக வழி கேட்கிறான் ராமன், கடல் பதில் சொல்லவில்லை, வில்லை எடுக்கிறான். படத்தில் பாறைமேல் வில்லோடு ராமன், கீழே பொங்கும் அலைக்கு நடுவில் பணிந்து வரும் வருணன்.

தொல்காப்பியத்தின்படி வருணன் நெய்தல் நிலத்துத் தெய்வம். அதாவது எங்க ஆளு! அவனைப் பார்க்க, அவனை அடக்குகிறவன் பக்கத்தில் போய் நிற்கச் சொல்கிறது இந்தப் படம். ரவி வர்மா கதையை மாற்றவில்லை. வெர்னர் மாதிரி சட்டையின் நிறத்தைக்கூட மாற்றவில்லை. நாம எங்க நின்னு பார்க்கணும்கிறதை மட்டும் முடிவு பண்ணிட்டார். வெர்னரின் சின்னத் திருத்தங்களை யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தது. இந்தக் கரையில் வில்லெடுக்க நியாயம் இருந்த நாள் ஒன்று உண்டென்றால் அது அன்றுதான். ஆனால் ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் காரைக்கால், நாகை கரைகளில் சனங்கள் கடலில் பால் ஊற்றுகிறார்கள், பூப் போடுகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் வருகிறார்கள். மறுநாள் அதே தண்ணியில்தான் வலை போடணும். அடக்கவும் முடியாது, விட்டுப் போகவும் முடியாது.

வெர்னருக்குப் பேரரசர் குடும்பமும் ரவி வர்மாவுக்கு மகாராஜாவும் பணம் கொடுத்தார்கள். இரண்டு பேரும் ஜெயித்தவர் பக்கத்தில் நின்று வரைந்தார்கள், அற்புதமாகவே வரைந்தார்கள். எனக்கு அந்த ராமனை அழிக்கச் சொல்லும் எண்ணமில்லை. பால் ஊற்றும் அந்தக் கையின் பக்கத்தில் நின்று ஒருத்தர் அதே கடலை வரையணும். அதுவும் வரலாற்று ஓவியம்தான்.